கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இந்தச் செய்தியை நான் எழுதலாமா?

கேள்வி:

ஒன்பது ஆண்டுகளாக ஒரு நாளிதழில் செய்தியாளராக இருக்கிறேன். கடைசி ஐந்து ஆண்டுகளாக மருத்துவத் துறைதான் என் பீட், அதாவது நான் செய்தி சேகரிக்கும் துறை. போன மாதம் ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) நிறுவனம் வேலைக்குக் கூப்பிட்டது. சம்பளம் இப்போது வாங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பணி ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்; இங்கே இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை. இதற்கிடையே மருத்துவக் கருவி தயாரிக்கும் ஒரு கம்பெனியைப் பற்றி நோயாளிகள் சிலர் புகார் சொல்கிறார்கள், விசாரித்து எழுதுங்கள் என்று ஆசிரியர் என்னிடம் கொடுத்திருக்கிறார். அந்தக் கம்பெனி, நான் சேரப்போகும் பி.ஆர். நிறுவனத்தின் வாடிக்கையாளர். இரண்டு நோயாளிகளிடம் பேசிவிட்டேன். வியாழக்கிழமை கம்பெனித் தரப்பைக் கேட்க வேண்டும். யார் பக்கமும் சாயாமல் எழுத என்னால் முடியும். எழுதலாமா? புது இடத்தில், "உங்களுக்கு நெருக்கமான நிருபர்கள் யார் யார், ஒரு பட்டியலோடு வாருங்கள்" என்கிறார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் "விலைபோய்விட்டாள்" என்று பேசுவார்களோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. பி.ஆர். வேலையில் நேர்மையாக இருக்க முடியுமா? உள்ளதைச் சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

அந்தச் செய்தியை எழுதாதீர்கள். வியாழக்கிழமைக்கு முன்பே ஆசிரியரிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இது மட்டும் தள்ளிப்போடக் கூடாத வேலை.

நான் பதினோரு வருடம் நிருபராக இருந்துவிட்டு பி.ஆர். பக்கம் வந்தவன். இங்கே வந்து பதினாறு வருடம் ஆகிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

"சாயாமல் எழுத முடியும்" என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் வியாழக்கிழமையை ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். கம்பெனியின் கருத்தைக் கேட்கப் போன் செய்கிறீர்கள். பெரிய கம்பெனி என்றால் அந்த அழைப்பு நேராக நிர்வாக இயக்குநரிடம் போகாது, அவர்களுடைய பி.ஆர். நிறுவனத்துக்குத்தான் போகும். மறுமுனையில் எடுப்பவர் அடுத்த மாதம் உங்களுக்கு மேலதிகாரியாக வரப்போகிறவராக இருக்கலாம். "இன்னும் இரண்டு நாள் அவகாசம் கொடுங்களேன்" என்கிறார். வேறு யார் கேட்டாலும் "இன்று மாலைக்குள் வேண்டும்" என்று சொல்லியிருப்பீர்கள். இவரிடம் என்ன சொல்வீர்கள்? சொல்லும்போது குரல் எப்படி இருக்கும்? அவருக்கு உங்களைத் தெரியும், உங்களுக்கு அவரைத் தெரியும். இதைப் படிக்கப்போகும் வாசகருக்கு மட்டும் தெரியாது.

சாய்வு என்பது பொய் எழுதுவதில் வருவதில்லை. அதை உங்களைப் போன்றவர் செய்ய மாட்டார். மூன்றாவது நோயாளியைத் தேடிப் போவதா, இரண்டு பேர் போதும் என்று நிறுத்துவதா? கம்பெனியின் மறுப்பை இரண்டாவது பத்தியில் வைப்பதா, கடைசிக்குத் தள்ளுவதா? ஒரு செய்திக்குள் இப்படி ஐம்பது சின்னச் சின்ன முடிவுகள் இருக்கின்றன. அவற்றில் எது மனசாட்சியால் எடுத்தது, எது அடுத்த மாதச் சம்பளத்தை நினைத்து எடுத்தது என்று எழுதுகிறவருக்கே பிரித்துச் சொல்ல வராது. இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. "நான் விலைபோகவில்லை" என்று நிரூபிக்கும் வேகத்தில் கம்பெனியை வேண்டுமென்றே காய்ச்சிவிடவும் வாய்ப்பு உண்டு. அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த இரண்டு நோயாளிகள். தங்கள் உடம்பில் வைத்த கருவியைப் பற்றி, வலியைப் பற்றி, ஒருவேளை மருத்துவர் சொன்னதைப் பற்றியெல்லாம் உங்களிடம் மனம்விட்டுப் பேசியிருப்பார்கள். ஸ்கேன் அறிக்கையைக் கூடக் காட்டியிருக்கலாம். செய்தியாளர் என்று நம்பிச் சொன்னது அது. அடுத்த மாதம் அதே கம்பெனிக்காகப் பதில் எழுதும் மேசையில் நீங்கள் உட்கார்ந்தால், உங்கள் நோட்டில் இருப்பதை எங்கே வைப்பீர்கள்? நோட்டை விட்டுவிட்டுப் போகலாம், ஞாபகத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. பின்னால் ஒரு நாள் அவர்களுக்கு இது தெரியவந்தால், இனி எந்த நிருபரிடமும் அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். உங்கள் இடத்துக்கு வரும் நிருபருக்கும் சேர்த்து அந்தக் கதவு சாத்தப்படும்.

ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது? சுற்றி வளைக்காமல் நாலே வாக்கியம்: "ஒரு பி.ஆர். நிறுவனத்தில் சேர ஒப்புக்கொண்டிருக்கிறேன். இந்தக் கம்பெனி அவர்களுடைய வாடிக்கையாளர். அதனால் இந்தச் செய்தியை நான் எழுதக் கூடாது. இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன், அவர்கள் சம்மதித்தால் எழுதப்போகிறவரிடம் அறிமுகப்படுத்தி வைக்கிறேன்." ராஜினாமாக் கடிதத்தையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். இதை வேலை விஷயம் பேசத் தொடங்கியபோதே, குறைந்தபட்சம் கையெழுத்துப் போட்ட அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் தாமதம்தான். ஆனால் செய்தி இன்னும் அச்சாகவில்லை, அதனால் கை மீறிப் போய்விடவில்லை. அச்சான பிறகு சொன்னால் அதற்குப் பெயர் வாக்குமூலம். இப்போது சொன்னால் வெறும் தகவல்.

இதற்கு ஒரு விலை இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆசிரியர்கள் "சரி, வேறு செய்தி பார்" என்பார்கள். சிலர் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு மாதச் சம்பளம் கைவிட்டுப் போகலாம். வீட்டுச் செலவைக் கணக்குப் பார்த்து அதற்குத் தயாராகவே அறைக்குள் போங்கள். அமெரிக்காவின் தொழில்முறைப் பத்திரிகையாளர் சங்கத்தின் நெறிமுறை, முரண்படும் நலன்களைத் தவிர்க்கச் சொல்கிறது, தவிர்க்கவே முடியாதவற்றை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது. உங்களுடையது தவிர்க்கக் கூடிய வகை. செய்தியறையில் அதை எழுத வேறு ஆள் இருக்கிறார்.

அடுத்து, பி.ஆரில் நேர்மையாக இருக்க முடியுமா என்ற கேள்வி. முடியும். ஆனால் அது தானாக நடக்காது. நான் தவறிய ஒரு நாளைச் சொல்கிறேன்.

நான் இங்கே வந்த முதல் வருடம். வாடிக்கையாளர் ஒருவரின் தொழிற்சாலையில் ஒரு பிரிவு இரண்டு நாளாக ஓடவில்லை. "நிருபர்கள் கேட்டால் வழக்கமான பராமரிப்பு என்று சொல்லிவிடுங்கள்" என்று அங்கிருந்து சொன்னார்கள். அன்று காலை வேறொரு விஷயமாக வந்த மின்னஞ்சலின் அடியில், யாரோ யாருக்கோ எழுதிய பழைய வரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தது: "காப்பீட்டுக்காரர்கள் வந்து பார்த்த பிறகு மெஷினைத் தொடலாம்." படித்தேன். பராமரிப்புக்குக் காப்பீட்டுக்காரர் எதற்கு என்று மனதில் ஒரு நெருடல். கேட்கவில்லை. மாலை ஆறு மணிக்கு ஒரு நிருபர் கூப்பிட்டான். ஐந்து வருடம் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவன். "வழக்கமான பராமரிப்புதான்" என்றேன். நான் சொன்னேன் என்பதால் வேறு யாரையும் கேட்காமல் அப்படியே எழுதினான்.

நான்கு நாள் கழித்து இன்னொரு பத்திரிகையில் செய்தி வந்தது. மெஷினில் சிக்கி ஒரு தொழிலாளியின் கை நசுங்கியிருக்கிறது. காலை ஏழு மணிக்கே அவன் போன் செய்தான். சத்தம் போடவில்லை. "உனக்குத் தெரியுமா?" என்றான். "சத்தியமா தெரியாதுடா" என்றேன். அது உண்மை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேட்டியா?" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதன்பின் அவன் என்னோடு சண்டையும் போடவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. ஆனால் நான் என்ன சொன்னாலும் "மெயிலில் அனுப்பிவிடு" என்பான். இன்றுவரை அப்படித்தான். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் காலை ஏழு மணி எனக்கு ஞாபகம் வரும்.

பி.ஆர். தொழிலின் முன்னோடிகளில் ஒருவர் ஐவி லீ. அவரும் நிருபராக இருந்தவர்தான். 1906-ல் அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காக வேலை பார்த்தபோது பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு கொள்கை அறிக்கை அனுப்பினார். இது ரகசியச் செய்திக் கூடம் இல்லை, எங்கள் வேலை எல்லாமே வெளிப்படையாக நடக்கிறது, நாங்கள் தருவது விளம்பரப் பிரிவுக்குப் போக வேண்டிய சரக்கு என்று தோன்றினால் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பது அதன் சாரம். நூறாண்டு கடந்தும் அதில் திருத்த எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எட்டு வருடம் கழித்து அதே மனிதர் தடுக்கி விழுந்தார். 1914-ல் கொலராடோ மாநிலத்தின் லட்லோவில் வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் தாக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். சுரங்கத்தில் பெரும்பங்கு வைத்திருந்த ராக்பெல்லர் குடும்பத்துக்காக லீ வரிசையாகத் தகவல் அறிக்கைகள் வெளியிட்டார். அவற்றில் பிழைகள் இருந்தன. தொழிற்சங்கத் தலைவர்களின் ஓராண்டு வருமானத்தைச் சில வார வருமானம் போலக் காட்டியதும் அதில் ஒன்று. பின்னர் விசாரணை ஆணையத்தின் முன் அவரிடம் கேட்டார்கள்: முதலாளிகள் கொடுத்த விவரங்கள் சரிதானா என்று தெரிந்துகொள்ள நீங்களாக என்ன முயற்சி எடுத்தீர்கள்? எந்த முயற்சியும் எடுக்கவில்லை என்பதுதான் அவர் பதில்.

"கேட்டியா?" என்று என்னிடம் கேட்டதும் அதே கேள்விதான். லீ எழுதி வைத்த கொள்கையில் ஒரு குறையும் இல்லை. கேட்கும் பழக்கத்தை அவர் பழைய வேலையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார், அவ்வளவுதான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது, அங்கே போன பிறகும் நிருபராகவே இருங்கள். இதுவரை வெளியாட்களிடம் கேட்ட கேள்விகளை இனி உங்கள் வாடிக்கையாளரிடம் கேளுங்கள். செய்திக் குறிப்பில் "முற்றிலும் பாதுகாப்பான கருவி" என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்த "முற்றிலும்" எங்கிருந்து வந்தது? எத்தனை நோயாளிகளிடம் சோதித்தார்கள், எவ்வளவு காலம் கவனித்தார்கள், யார் செலவில்? எத்தனை பேருக்குத் தொந்தரவு வந்தது? உங்களுக்கு ஐந்து வருட மருத்துவச் செய்தி அனுபவம் இருக்கிறது, எந்த இடத்தில் நூல் பிரியும் என்று தெரியும். பதில் வந்ததும் "முற்றிலும்" என்ற சொல்லை அடித்துவிட்டு, எத்தனை பேரிடம் எத்தனை மாதம் சோதித்தார்கள், அதில் எத்தனை பேருக்கு என்ன பக்கவிளைவு வந்தது என்று எழுதிக் கொடுங்கள். முதலில் முகம் சுளிப்பார்கள். "எங்கள் ஆளா, அவர்கள் ஆளா?" என்று கூடக் கேட்பார்கள். என்னையும் கேட்டிருக்கிறார்கள். "இந்தக் கேள்வியை நான் இன்று இங்கே கேட்காவிட்டால், நாளை நிருபர் எல்லார் முன்னாலும் கேட்பார்" என்பேன். பெரும்பாலும் அதற்குமேல் வாதம் இருக்காது.

எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பதும் உங்கள் வேலையில் சேர்ந்தது. "இதைப் பற்றி இப்போது சொல்ல இயலாது" என்றால் நிருபருக்கு எரிச்சல் வரும், ஆனால் அவர் ஏமாறுவதில்லை. வேறு இடத்தில் விசாரித்துக்கொள்வார். "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்றால் அவர் அந்த வழியையே மூடிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது. "எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்பதைக் கூச்சப்படாமல் சொல்லிப் பழகுங்கள். சொன்னால் ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிடுங்கள், பதில் கிடைக்காவிட்டாலும் கூப்பிடுங்கள். சொல் அளவில் உண்மையாகவும் கேட்பவர் மனதில் பொய்யாகவும் பதியும் வாக்கியங்கள்தான் இந்தத் தொழிலில் மிக ஆபத்தானவை. ஒன்றைச் சொல்லாமல் விட்டே ஆளை ஏமாற்றுவதும் பொய்தான் என்று அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கத்தின் நெறிமுறை உதாரணத்தோடு சொல்கிறது.

அதே நெறிமுறை வலியுறுத்தும் இன்னொன்று, யாருக்காகப் பேசுகிறோம் என்பதை மறைக்கக் கூடாது என்பது. இந்தத் தொழிலின் பெரிய அவமானங்களைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் இதுதான் கிடக்கிறது. 1990 அக்டோபரில், குவைத்தை ஈராக் பிடித்திருந்த நேரம், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழுவின் முன் கண்ணீரோடு பேசினாள். ஈராக் வீரர்கள் மருத்துவமனையில் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துக் குளிர்ந்த தரையில் போட்டதைப் பார்த்ததாகச் சொன்னாள். குவைத்தில் இருக்கும் குடும்பத்தின் பாதுகாப்புக்காக என்று சொல்லி முழுப் பெயரை வெளியிடவில்லை. அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது 1992 ஜனவரியில்தான் வெளியே வந்தது. அதற்குள் போர் முடிந்தே போயிருந்தது. அந்தச் சாட்சியத்துக்குப் பின்னால் ஹில் அண்ட் நோல்டன் என்ற பி.ஆர். நிறுவனம் இருந்தது. அதை அமர்த்தியது "சுதந்திரக் குவைத்துக்கான குடிமக்கள்" என்ற அமைப்பு. அந்த அமைப்புக்கு வந்த பணத்தில் மிகப் பெரும்பகுதி குவைத் அரசிடமிருந்து வந்தது. பேசுவது யார், பின்னால் இருப்பது யார் என்பதை பி.ஆர். நிறுவனம் சொல்லவில்லை. அதே அளவுக்கு என்னை உறுத்துவது, அன்று அதைச் செய்தியாக்கிய நிருபர்களும் பொறுமையாக உட்கார்ந்து அதைத் தோண்டவில்லை என்பது. இரண்டு பக்கமும் கேட்க மறந்த நாள் அது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான கதை 2011 மே மாதம் நடந்தது. கூகுள் தனியுரிமையை மீறுகிறது என்று எழுதச் சொல்லி, பர்சன் மார்ஸ்டெல்லர் என்ற பி.ஆர். நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு பேர் பத்திரிகைகளையும் வலைப்பதிவர்களையும் அணுகினார்கள். இரண்டு பேருமே முன்னாள் பத்திரிகையாளர்கள். ஒரு பாதுகாப்பு ஆய்வாளரிடம், கட்டுரை எழுதக் கூட உதவுவதாகச் சொன்னார்கள். அவர், "இதற்கு உங்களுக்குப் பணம் கொடுப்பது யார்?" என்று கேட்டார். சொல்ல மறுத்தார்கள். அவர் அந்த மின்னஞ்சல்களை அப்படியே வெளியிட்டுவிட்டார். கொஞ்ச நாளில் வாடிக்கையாளர் ஃபேஸ்புக் என்று தெரிந்தது. வாடிக்கையாளர் பெயரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த வேலையை ஏற்றிருக்கவே கூடாது என்று பர்சன் மார்ஸ்டெல்லரே பிறகு ஒப்புக்கொண்டது. அந்த இரண்டு பேரும் பல ஆண்டு நிருபர்களாக இருந்து, "யார் பணம்?" என்று எத்தனை பேரைக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கேள்வி தங்களை நோக்கி வந்தபோது அவர்களிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை.

இப்போது அந்தப் பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் கேட்பது போன் நம்பர் இல்லை. நம்பர் எல்லாரிடமும் இருக்கிறது. உங்களுக்காக யார் யார் மறுக்காமல் செய்தி போடுவார்கள் என்றுதான் கேட்கிறார்கள். உங்கள் நட்பை அவர்கள் கணக்கில் வரவு வைக்கப் பார்க்கிறார்கள். கொடுக்காதீர்கள். மரியாதையாகவே சொல்லலாம்: "தனிப்பட்ட நட்பைப் பட்டியல் போட்டுத் தர என்னால் முடியாது. ஆனால் எந்தச் செய்தி எங்கே எடுபடும், எது குப்பைக்கூடைக்குப் போகும், ஒரு மருத்துவ நிருபர் என்ன ஆதாரம் கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதற்குத்தானே என்னை எடுக்கிறீர்கள்." நல்ல நிறுவனமாக இருந்தால் இதுவே அவர்களுக்குப் போதும். உங்களுக்குத் தகவல் தந்தவர்களின் எண்கள் உண்டல்லவா, மருத்துவமனை ஊழியர்கள், பெயர் சொல்லாமல் பேசிய மருத்துவர்கள், அவை பட்டியல் என்ற பேச்சுக்கே வரக் கூடாது. நீங்கள் கொடுத்த வாக்கு வேலை மாறினாலும் மாறாது.

சேர்ந்த முதல் நாளே தெரிந்த நிருபர்கள் எல்லாருக்கும் ஒரு சின்னக் கடிதம் அனுப்புங்கள். இன்ன தேதியிலிருந்து இன்ன நிறுவனத்தில் இருக்கிறேன், இனி உங்களைக் கூப்பிடும்போது யாருக்காகக் கூப்பிடுகிறேன் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்வேன், பிடிக்காததை மறுக்கத் தயங்க வேண்டாம், அதனால் நம் நட்பு மாறாது என்று எழுதுங்கள். அப்புறம் அதன்படி நடந்துகொள்ளுங்கள். "எனக்காக இந்த ஒரு தடவை" என்ற வார்த்தையை மட்டும் எந்தப் பழைய சகாவிடமும் சொல்லிவிடாதீர்கள். அவர் செய்துவிடுவார் என்பதால்தான் சொல்கிறேன். தன் ஆசிரியரிடம் பதில் சொல்ல முடியாத நிலையில் அவர்தான் மாட்டிக்கொண்டு நிற்பார்.

பரிசுகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. எழுத வைக்கும் நோக்கத்தோடு கொடுக்கும் எதுவும் பரிசு இல்லை. நான் மேலே சொன்ன மக்கள் தொடர்புச் சங்கத்தின் நெறிமுறையிலேயே, விளையாட்டுப் பத்திரிகையில் பத்தி எழுதுபவருக்கு விலை உயர்ந்த பனிச்சறுக்குப் பலகை கொடுப்பதைத் தவறுக்கு உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள்.

புது இடத்தில் சேருவதற்கு முன் நீங்கள் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மருத்துவக் கருவிக் கம்பெனியின் வேலையில் உங்களைச் சேர்க்கக் கூடாது என்பது முதலாவது. எவ்வளவு காலம் என்றால், குறைந்தது ஒரு வருடம் என்பேன். நோயாளிகளின் புகார் வழக்காகவோ விசாரணையாகவோ மாறினால் அது முடியும்வரை. கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போகிற அளவுக்கு இதில் கண்டிப்பு வேண்டும். "சும்மா, அந்தப் பத்திரிகையில் என்னதான் யோசிக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்களேன்" என்று நடைபாதையில் கேட்பார்கள். அங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குவார்கள். மனசுக்கு ஒப்பாத வாடிக்கையாளரின் வேலையை மறுத்தால் அதை உங்களுக்கு எதிராக வைக்க மாட்டோம் என்ற உறுதி இரண்டாவது.

அதோடு, அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொதுமக்கள் இயக்கம் போலத் தோற்றம் காட்டும் அமைப்புகளை நடத்துகிறார்களா, போலிக் கணக்குகளில் பதிவு போடுகிறார்களா, செய்தி வருவதற்குப் பணம் கொடுக்கிறார்களா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் வேலை போய்விடும் என்றால் அது போக வேண்டிய வேலைதான். பிரிட்டனின் பெரிய பி.ஆர். நிறுவனங்களில் ஒன்றாக இருந்த பெல் பாட்டிஞ்சர், தென்னாப்பிரிக்காவில் ஒரு வாடிக்கையாளருக்காக இனப் பகையைக் கிளறும் பிரசாரம் செய்தது. 2017 செப்டம்பரில் அதன் தொழில் சங்கமே அதை வெளியேற்றியது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனம் நொடித்துப் போனது. அந்தப் பிரசாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஊழியர்களும் அதோடு வேலையை இழந்தார்கள்.

"விலைபோய்விட்டாள்" என்று பேசுவார்களோ என்கிறீர்கள். ஒன்றிரண்டு பேர் பேசத்தான் செய்வார்கள். குடும்பத்துக்காக நல்ல சம்பளம் உள்ள வேலைக்குப் போவது குற்றமே இல்லை, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒரு தொழிற்சாலையில் விபத்து நடந்த இரவில், உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், காயம்பட்டவர்கள் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள், உறவினர்கள் எந்த எண்ணில் கேட்கலாம் என்று சரியான தகவலை ஒருவர் சொல்லியாக வேண்டும். வாசலில் நிற்கும் குடும்பங்களுக்கு அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய தேவை இல்லை. அந்த இடத்தில் கேட்கத் தெரிந்த, பொய் சொல்லாத ஒருவர் இருப்பதும் இல்லாததும் ஒன்றாகாது. நான் முதல் வருடத்தில் அந்த ஆளாக இல்லை. பிறகு இரண்டு முறை இருந்திருக்கிறேன். அந்த இரண்டு இரவுகளுக்காக நான் இந்தப் பக்கம் வந்ததைப் பற்றி வருத்தப்பட்டதில்லை.

வியாழக்கிழமைக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. ஆசிரியரிடம் பேசுவதற்கு முன் அந்த இரண்டு நோயாளிகளையும் கூப்பிட வேண்டாம், அவர்களிடம் என்ன சொல்வது என்பதை ஆசிரியரும் நீங்களும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அவர் கோபப்பட்டால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கோபத்தில் ஓரளவு நியாயம் இருக்கும். நோட்டை ஒப்படைக்கும்போது பக்கங்களைக் கிழிக்காதீர்கள், போனில் இருக்கும் ஒலிப்பதிவை ஆசிரியரிடம் கொடுத்த பிறகு உங்களிடமிருந்து அழித்துவிடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.